மேல்காற்று நடந்த வழி

போடிநாயக்கனூரில் ஆனி மாதம் பிறந்துவிட்டால், விடியற்காலையில் வாசற்கதவைத் திறக்கிறவர் ஏலக்காய் வியாபாரியானாலும், மலைத்தோட்டத்துக்கு ஜீப் ஏறப் போகிற கூலியாளானாலும், ஒரு வேலையுமின்றித் திண்ணையில் உட்காரப் போகிற முதியவரானாலும், முதற்காரியமாக மேற்கே திரும்பி மலையை ஒருமுறை பார்த்துக்கொள்வது வழக்கம். முகடு துலக்கமாகத் தெரிகிறதா, அல்லது பஞ்சுப்பொதி போன்ற ஒரு மேகம் மெட்டின்மேல் வந்து உட்கார்ந்துகொண்டு, இந்தப் பக்கம் இறங்கவும் மனமின்றி அந்தப் பக்கம் திரும்பவும் வழியின்றி நிற்கிறதா என்று பார்த்துவிட்டால், அன்றைய தினத்தில் பாதி அவருக்குத் தெரிந்துவிடுகிறது. மேகம் உட்கார்ந்திருந்தால் மேலே சாரல். சாலையில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் புலப்படாது. காய் எடுக்கிற விரல்கள் விறைத்துப்போகும். மருந்து தெளிக்கிற வேலை நின்றுவிடும். ஊருக்குள் மட்டும் ஒரு துளி விழாது; காற்று தெருப்புழுதியை வாரிக் கிழக்கே கொண்டுபோய்க்கொண்டிருக்கும்.

அதே மாதத்தில், அதே விடியற்பொழுதில், சென்னைக்குத் தெற்கே கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் வேறொரு கூட்டம் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அலைச்சறுக்கு என்று நம்மவர் பெயரிட்டிருக்கும் விளையாட்டில் தேர்ந்த இளைஞர்கள் அவர்கள். மீனவக் குடும்பங்களில் பிறந்தவர்கள் அவர்களிற் பலர். பலகையை மணலில் கிடத்திவிட்டு, அலை எத்தனை வினாடிக்கு ஒருமுறை வருகிறது, எந்த இடத்தில் உடைகிறது, முதுகில் படுகிற காற்று நிலத்திலிருந்து வருகிறதா என்று பார்த்துத் தெளிந்த பிறகே தண்ணீரில் இறங்குகிறார்கள். மலையை நோக்கும் போடிக்காரரும் கடலை நோக்கும் கோவளத்துப் பையனும் ஒருவரையொருவர் அறியார். ஆயினும், அரபிக்கடலில் அலையெழுப்பி, ஏலமலையில் சாரலாய்ப் பொழிந்து, போடியில் வறண்ட காற்றாய் இறங்கி, தமிழ்நாட்டின் கீழ்க்கரையில் கடலை நோக்கி வீசிப்போகிற அந்த மேல்காற்று என்னும் ஒரே ஏட்டின் வெவ்வேறு பக்கங்களையே இருவரும் வாசிக்கிறார்கள் என்பதுதான் நான் இங்கே சொல்ல வந்த விஷயம்.

அலையேறுகிறவன் தன் நாளைத் திட்டமிடும் முறையில் மூன்று வினாக்கள் அடங்கியிருக்கின்றன. இந்த அலை எங்கே பிறந்தது என்பது முதல் வினா. காற்று எவ்வளவு வேகமாக, எவ்வளவு நேரம், எவ்வளவு பரந்த நீர்ப்பரப்பின்மீது வீசியதோ அவ்வளவுக்கு அலை பெரிதாகிறது. பிறந்த இடத்தை விட்டு நீங்கியதும் குட்டையலைகள் வழியிலேயே மடிய, நெடியவை மட்டும் ஒழுங்கான வரிசைகளாகப் பிரயாணம் செய்கின்றன. பதினைந்து வினாடிக்கு ஒன்றாக வருகிற அலைக்கூட்டம் ஒரு நாளில் ஏறத்தாழ 1000 கிலோமீட்டர் கடக்கும். ஆகவே, பூமத்திய ரேகைக்குத் தெற்கே நாற்பதாம் பாகைக்கும் ஐம்பதாம் பாகைக்கும் இடையே ஓயாது காற்றடிக்கிற சமுத்திரத்தில் எழுந்த ஒரு புயலின் செய்தி, ஐந்தாறு நாட்களில் குமரிக்கரைக்கு வந்து சேருகிறது. கரையில் இப்போது வீசுகிற காற்று எது என்பது இரண்டாம் வினா. நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் காற்று அலையின் முகத்தைத் தாங்கி நிமிர்த்தி நிறுத்தும். கடலிலிருந்து நிலத்துக்கு வீசும் காற்று அதே அலையைக் கலைத்து நுரையாக்கிவிடும். அடியிலே தரை எப்படி என்பது மூன்றாம் வினா. மணல்திட்டு, பாறை, ஆற்றுமுகம் ஆகியவையே அலை எங்கே உடைய வேண்டும் என்பதை நிர்ணயிக்கின்றன. தொலைவு, வேளை, தரை என்று இம்மூன்றையும் சுருக்கிச் சொல்லலாம். போடி மலைச்சரிவின் சரித்திரத்தைப் புரட்டுகிறவர், இதே மூன்று வினாக்களையும் அந்த ஜனங்கள் பல தலைமுறைகளாகக் கேட்டுக்கொண்டு வந்திருப்பதைக் காண்பார்.

ஊரின் இருப்பிடமே இதற்குக் காரணம். கொச்சியில் புறப்படும் தேசிய நெடுஞ்சாலை, மூணாறு வழியே ஏறி, பூப்பாறையைக் கடந்து, போடிமெட்டில் மலையின் விளிம்பைத் தொட்டு, 17 கொண்டை ஊசி வளைவுகளில் சுழன்று போடிக்கு இறங்கி, தேனி, மதுரை என்று கிழக்கே ஓடுகிறது. முன்பு 49 என்ற எண்ணோடு தனுஷ்கோடி வரையில் சென்றதாகக் கணக்கிடப்பட்ட அந்தச் சாலை, இப்போது 85 என்ற எண்ணோடு தொண்டிக் கடற்கரையில் முடிகிறது. இப்படி இரண்டு கடல்களைக் கட்டிய கயிற்றின் நடுவிலே, மலையும் சமவெளியும் சந்திக்கிற முடிச்சாக அமைந்த ஊர் போடி. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 350 மீட்டர் உயரத்தில் ஊர் இருக்கிறது. மெட்டு ஏறக்குறைய 1400 மீட்டரில் இருக்கிறது. இவ்விரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள ஆயிரத்துச் சொச்சம் மீட்டர்தான் இப்பிரதேசத்தின் வானிலை, வியாபாரம், வாழ்க்கை ஆகிய அனைத்தையும் வகுத்தது.

கீழ்க்காற்றைக் கொண்டல் என்றும், மேல்காற்றைக் கோடை என்றும், வடகாற்றை வாடை என்றும், தென்காற்றைத் தென்றல் என்றும் பெயரிட்டு, திசைக்கொரு குணத்தையும் கற்பித்தவர்கள் நம் முன்னோர். தூத்துக்குடி, இராமநாதபுரக் கரைகளில் மேற்கிலிருந்து வருவதைக் கச்சான் என்று வழங்குவார்கள். மலையடிவாரத்தில் அது வெறும் மேல்காற்று. தென்மேற்குப் பருவத்தில் அரபிக்கடலைக் கடந்து வரும் இக்காற்றின் மிக வேகமான ஓட்டம், தரையோடு ஒட்டி ஓடாமல், ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் ஓர் ஆறுபோல ஓடுகிறது என்பதை வானிலை ஆராய்ச்சியாளர்கள் 1960களில் விளக்கினார்கள். அந்த ஆற்றின் குறுக்கே, ஏறக்குறைய அதே உயரத்தில், ஓர் அணையைப்போல நிற்பது ஏலமலை. அணையில் மோதிய காற்று மேலேறிக் குளிர்ந்து தன்னிடமுள்ள ஈரத்தை மேற்குச் சரிவிலேயே இழந்துவிடுகிறது. பிறகு கிழக்கே இறங்கும்போது ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு பாகை வெப்பம் கூடுவதால், மெட்டிலே கம்பளி போர்த்தியிருந்தவனின் உடலோடு உராய்ந்த காற்று, போடிக்கு வந்து சேருகையில் பத்துப் பாகை சூடேறி, ஈரத்துணியை ஒரு நாழிகையில் உலர்த்துகிற வறட்காற்றாகிவிடுகிறது. போடிக்கு உரிய மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கிழக்கிலிருந்து வரவேண்டும். ஆடியிலே அண்டை வீட்டில் விருந்து நடக்கிற ஓசையை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிற வீடு அது.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழியைச் சமவெளிக்காரர் மிகைப்பேச்சாகக் கருதலாம். கம்பம் பள்ளத்தாக்கின் தலைமாட்டில் இராமக்கல்மெட்டின்மீது ஒருமுறை நின்றவர் அப்படிக் கருதமாட்டார். மலைத்தொடர் தாழ்ந்து இடைவெளி விடுகிற இடங்களிலெல்லாம் காற்று நெருக்கிக்கொண்டு பாய்கிறது. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு ஆகியவற்றோடு கம்பத்தையும் சேர்த்து நான்கு காற்றுக் கணவாய்கள் என்று மின்சாரத் துறையினர் கணக்கிடுவதும், தேனி, ஆண்டிபட்டி வெளிகளில் இன்று காற்றாலைகள் வரிசையாகச் சுழல்வதும் அதனாலேதான்.

மெட்டு என்ற சொல்லையே இங்கே கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். கம்பம்மெட்டு, போடிமெட்டு, சாக்கலூத்துமெட்டு, இராமக்கல்மெட்டு என்று அடிவாரத்து ஜனங்கள் வழங்குகிற இவ்விடங்கள் மலையின் உச்சிகள் அல்ல. சமவெளியிலிருந்து ஏறுகிறவன் முதன்முதலாக அந்தப் பக்கத்தைப் பார்க்கிற விளிம்புகள். மதுரை நாயக்கர் காலத்துப் பாளையங்களுள் ஒன்றாயிருந்து பின்னர் ஜமீனான போடிநாயக்கனூருக்கு, அந்த விளிம்புக்கு அப்பால் இருந்தது திருவிதாங்கூர் இராஜ்யம். எல்லை இராஜாக்களுக்கு உரியது. பாதை ஜனங்களுக்கு உரியது. மதுரைச் சீமையைச் சேர்ந்த குடியானவர்கள், கம்பம், உத்தமபாளையம், போடி முதலிய ஊர்களில் வீடும் வயலும் வைத்துக்கொண்டு, பருவத்துக்கு மட்டும் மலையேறி, காட்டினடியில் புதரை வெட்டி வெளிச்சம் விட்டு, தானே முளைத்தெழுகிற ஏலச்செடியைப் பேணி, காய் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். மலையிலேயே தங்கிவிடாமைக்குக் காய்ச்சல் பயம் ஒரு காரணம். காற்று மற்றொரு காரணம்.

வார்டு, கானர் என்னும் இரண்டு ஆங்கில இராணுவ அதிகாரிகள் 1816 முதல் 1820 வரையில் திருவிதாங்கூரையும் கொச்சியையும் அளந்து எழுதிய காலத்திலேயே இந்த மலைகளின் செல்வம் ஏலம்தான். அந்த ஏலம் திருவிதாங்கூர் சர்க்காரின் ஏகபோகம்; பயிரிட்டவன் விளைந்ததைச் சர்க்காரிடம் ஒப்படைத்துத் தனக்குரிய பங்கைப் பெற்றுக்கொள்ள வேண்டும். 1896இல் அம்முறை ஒழிந்து நிலவரி ஏற்பட்ட பிறகுதான், சமவெளியின் முதலும் உழைப்பும் மலைமேல் தாராளமாக ஏறின; காய் இறங்கிவந்து விலையாகிற சந்தையாகப் போடி வளர்ந்தது. 1956 நவம்பர் முதல் தேதி மொழிவாரியாக மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. மலை ஒரு மாநிலத்திலும் மண்டி மற்றொரு மாநிலத்திலுமாக ஆன பிறகும், போடிக்கு வந்து ஏலம் போகிற ஏலக்காய் நிற்கவில்லை. இந்திய நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடக்கிற இரண்டு இடங்களில் ஒன்று மலைமேல் புற்றடி, மற்றொன்று போடி.

இனி, வேளை என்ற இரண்டாம் வினாவுக்கு வருவோம். கடற்கரையில் பகலில் நிலம் சூடேறக் கடலிலிருந்து காற்று வருவதும், இரவில் நிலம் குளிர அது திரும்பிக் கடலை நோக்கிச் செல்வதும் பள்ளிப்பிள்ளைகளும் அறிந்த பாடம். மலைச்சரிவிலும் அதே நியாயம்தான் நடக்கிறது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சூரியன் ஏறியதும் சரிவின் பாறையும் புல்லும் காய்ந்து, அவற்றை ஒட்டிய காற்று இலேசாகிப் பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கி ஊர்கிறது. உச்சிப்பொழுதுக்குமேல் அதுவே மேகமாகத் திரண்டு முகட்டை மூடுகிறது. இரவில் குளிர்ந்த காற்று கனத்து ஓடையைப்போலப் பள்ளத்தில் இறங்கி, விடியும்போது மலை துடைத்துவைத்த பாத்திரம்போல் விளங்குகிறது. பொதிமாட்டோடும் தலைச்சுமையோடும் மெட்டேறிய காலத்தில் விடியுமுன் புறப்பட்டவன் வெயிலையும் தவிர்த்தான், மேகத்தையும் முந்திக்கொண்டான். இன்றைக்கும் போடியிலும் தேவாரத்திலும் கம்பத்திலும் இருட்டோடு இருட்டாக ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் புறப்படுகின்றன. கோவளத்துப் பையன் வெயில் ஏறுமுன் தண்ணீரில் இறங்குவதும், போடிக் கூலியாள் வெயில் ஏறுமுன் மெட்டேறுவதும், ஒரே சூரியன் இரண்டு தரைகளின்மேல் செய்கிற ஒரே காரியத்துக்குக் கட்டுப்பட்டவை.

ஏலச்செடியைப் பயிரிடுகிறவனுக்கு நாள் பார்ப்பது வீண் சம்பிரதாயமல்ல என்பது, அச்செடியின் சுபாவத்தைத் தெரிந்துகொண்டால் விளங்கும். அதற்கு நிழல் வேண்டும், இருட்டு ஆகாது. ஈரம் வேண்டும், தேங்குகிற நீர் ஆகாது. காற்றோட்டம் வேண்டும், காற்றடி ஆகாது. தரையை ஒட்டிப் படர்கிற சரங்களில் அதிகாலையில் விரிகிற பூவுக்கு ஆயுள் ஒரே நாள். அந்த நாளில் தேனீ வந்தால் காய் பிடிக்கும், ஓயாத மழையில் தேனீ கூட்டைவிட்டுக் கிளம்பாவிட்டால் பூ வெறுமையாக உதிரும். வாரக்கணக்கில் வெயில் காணாமல் சாரலே நீடித்தால், காயும் தண்டும் கருகிக் குழைகிற அழுகல் நோய் தோட்டத்துக்குள் நுழைந்துவிடும். துருசையும் சுண்ணாம்பையும் கலந்த கலவையைப் பருவமழைக்கு முன்னும், மழை இடைவெளி விடுகிற நாட்களிலும் தெளிப்பது அதற்குப் பரிகாரம். தெளித்த மருந்து இலையில் காய்ந்து ஒட்டுவதற்குச் சில மணி நேர ஓய்வை வானம் அருளவேண்டும். ஆகவே, மழை நிற்குமா என்ற கேள்வியைவிட, எத்தனை நாழிகைக்கு நிற்கும் என்ற கேள்விதான் தோட்டக்காரனுக்குப் பெரிது. அலைக்கூட்டம் ஒன்று ஓய்ந்து அடுத்தது வருவதற்குள் கிடைக்கிற அமைதியில் துடுப்புப்போட்டு வெளியேறுகிறவனின் கணக்கும் இதுவேயாகும்.

ஆடி, ஆவணியில் தொடங்கும் காய் எடுப்பு தை, மாசி வரையில், மாதத்துக்கு ஒருமுறையோ சற்றுக் கூடக்குறையவோ, சுற்றுச்சுற்றாக நடக்கிறது. எடுத்த காயை அன்றன்றே ஸ்டோருக்குக் கொண்டுபோக வேண்டும். ஸ்டோர் என்பது இம்மலைகளில் காய் உலர்த்துகிற சூட்டறைக்கு வழங்கும் பெயர். வெயிலில் காய்ந்தால் பச்சை வெளுத்து விலை போய்விடுமாதலால், விறகு மூட்டிய சூட்டில், ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும், நிதானமாக உலர்த்துகிறார்கள். ஐந்து கிலோ பச்சைக்காய்க்கு ஒரு கிலோ உலர்ந்த காய் என்பது பொதுவான கணக்கு. போடி மண்டியில் உள்ளங்கையில் நான்கு காய்களை உருட்டிப் பார்த்து விலை சொல்லுகிற வியாபாரி, நிறம், பருமன், மணம் ஆகியவற்றின் வாயிலாக, அந்தத் தோட்டத்தின்மேல் கடந்த இரண்டு மாதங்களில் வீசிய காற்றையே வாசித்துவிடுகிறார் என்று சொன்னால் அது வெறும் அலங்காரமாகாது.

காற்றைப் பார்த்து நடக்கிற இந்தச் சிரமத்தை இயந்திரம் ஒழித்துவிடும் என்ற நம்பிக்கையும் இச்சரிவில் ஒருகாலத்தில் பிறந்தது. 1877 ஜூலையில் பூஞ்சாற்று அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார்; பின்னர் அங்கே தேயிலை பெருகியபோது, மூட்டைகளை இறக்குவதற்கு அகப்பட்ட குறுக்கு வழி போடிப் பக்கம்தான். 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள வண்டியை ஓட்டினார்கள். 1908இல் அதைச் சிறிய ரயிற்பாதையாக மாற்றினார்கள். அது மலைவிளிம்பிலுள்ள டாப் ஸ்டேஷன் வரையில் வந்தது. அங்கிருந்து அந்தரத்தில் கட்டிய கம்பிவழியில் தேயிலைப் பெட்டிகள் செங்குத்தான சரிவைத் தாண்டிக் கொட்டகுடி அடிவாரத்துக்கு இறங்கின. அதன்பின் வண்டிமாடுகள் போடிக்கு இழுத்துவந்தன. மெட்டை மேகம் மூடினாலென்ன, பாதை வழுக்கினாலென்ன, கம்பி இருக்கிறது என்ற தைரியம் அக்காலத்தவருக்கு வந்திருந்தால் வியப்பில்லை.

1924 ஜூலையில் மேல்காற்று தன் கணக்கைக் காட்டிற்று. கொல்லம் ஆண்டு 1099 ஆனபடியால் மலையாளத்தார் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்று இன்றும் நினைவுகூர்கிற அந்தப் பெருமழையில், மலைகள் சரிந்து, மூணாறு வெள்ளக்காடாகி, குண்டளை ரயிற்பாதை பாலமும் தண்டவாளமுமாக அடித்துக்கொண்டு போயிற்று. அது மறுபடி கட்டப்படவேயில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 1928இல், மதுரையிலிருந்து வேறொரு ரயில் போடிக்கு வந்தது. அதுவோ மலையேறத் துணியாமல் அடிவாரத்திலேயே நின்றுகொண்டது. டாப் ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும், வராத வண்டிக்குக் காத்திருப்பதுபோல, மலைவிளிம்பில் நின்றுவிட்டது.

கடலோரத்தில் இதற்கு ஒப்பான சரித்திரம் சென்னைக்கு உண்டு. 1876இல் செயற்கைத் துறைமுகத்தைக் கட்டத் தொடங்கும் வரையில், கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, உடைகிற அலை வரிசைகளைக் கடந்து ஆட்களையும் சரக்கையும் கரைசேர்த்தவை ஆணி அறையாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள். கூடவே சென்று, தவறி விழுந்தவர்களை எடுத்தவை கட்டுமரங்கள். பெரிய அலைக்கும் அடுத்த பெரிய அலைக்கும் இடையே வரும் ஓய்வை அறிந்து துடுப்பை ஒரேசீராக அழுத்துவதில் இருந்தது படகோட்டிகளுடைய வித்தை. அக்டோபர் 15 முதல் டிசம்பர் 15 வரையில் கோட்டைக் கொடிமரத்தை இறக்கிவைத்து, இந்த இரண்டு மாதமும் இங்கே நிற்கிற கப்பல் தன் பொறுப்பில் நிற்கட்டும் என்று கும்பினியார் அறிவித்துவந்தது, வடகிழக்குப் பருவத்தைப் பஞ்சாங்கத்தில் எழுதிக் கம்பத்தில் ஏற்றிய முறையேயாகும். துறைமுகம் முடியுந்தறுவாயில் 1881 நவம்பரில் அடித்த புயல் அதன் கற்சுவர்களைப் பிளந்தது. மலையில் 1924 கற்பித்த பாடத்தைக் கடல் முன்னமே கற்பித்துவிட்டிருந்தது.

இதனூடே கருவியின் காலமும் வந்துகொண்டிருந்தது. 1792இல் சென்னையில் வானாய்வுக்கூடமும், 1875இல் இந்திய வானிலைத் துறையும் ஏற்பட்டன. போடியின் மலைமுகட்டிலிருந்து பார்வைக்கு எட்டுகிற பழனிமலைத் தொடரில், கோடைக்கானலில், 1899இல் சூரிய ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டது. அலையை அளக்கிற சாஸ்திரம் அதற்கும் பிந்தியது; அதற்கு ஒரு யுத்தம் தேவைப்பட்டது. படைகளைக் கரையிறக்கும் நாளில் கடல் எப்படியிருக்கும் என்று முன்கூட்டி அறிவதற்காக ஸ்வெர்ட்ரூப், வால்டர் மங்க் என்னும் இரு அறிஞர்கள் வகுத்த முறை, 1944 ஜூன் மாதத்து நார்மண்டி இறக்கத்துக்குப் பயன்பட்டது. அதே மங்க் 1963இல், தென்கோடிச் சமுத்திரத்தில் பிறந்த அலைகள் பசிபிக்கை முழுவதும் கடந்து அலாஸ்காவைத் தொடுவதை, வழிநெடுகத் தீவுகளில் கருவி வைத்துப் பின்தொடர்ந்து காட்டினார். இன்று அலைச்சறுக்குக்காரன் கைப்பேசியில் பார்க்கிற அலையின் உயரம், இடைவெளி, திசை ஆகிய மூன்று எண்களுக்கும் மூலம் அந்த யுத்தகாலக் கணக்குத்தான்.

மாமல்லபுரத்தில் 2023 ஆகஸ்டில் சர்வதேச அலைச்சறுக்குப் போட்டி நடந்தது; ஆசிய அளவிலான போட்டி 2025 ஆகஸ்டில் அங்கேயே நடந்தது. ஆடி, ஆவணியை எதற்காகத் தேர்ந்தார்கள்? மேற்குக் கரையில் அக்காலத்துக் கடல் கொந்தளித்து அலை ஒன்றோடொன்று மோதிக் குழம்பிக் கிடக்கும். கிழக்குக் கரையிலோ, தெற்கே பிறந்த நெடிய அலைகள் வந்துகொண்டிருக்க, மலைகளில் ஈரத்தைக் கொட்டிவிட்டு வந்த மேல்காற்று காலைப்பொழுதில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசி அவற்றின் முகத்தைச் சீவிவிடுகிறது. ஏலமலை முதலான தொடர்கள் காற்றை வழிமறித்து வடிகட்டாவிட்டால் கீழ்க்கரையின் அந்தக் காலைப்பொழுதுக்கு அவ்வளவு தெளிவு ஏது? போடியில் புழுதி பறந்தால் கடற்கரையில் ஒருவன் பலகையைத் துடைக்கிறான் என்று வேடிக்கையாகவும் சொல்லிக்கொள்ளலாம்.

எண்கள் கைக்கு வந்துவிட்டபடியால் கண்ணின் வேலை தீர்ந்துவிட்டதா? 2018ஆம் ஆண்டு ஒன்றே இதற்குப் போதிய விடை. அவ்வாண்டு மார்ச் 11ஆம் தேதி, கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கும் சரிவில், மாசி மாதத்துக் காய்ந்த புல்லில் பரவிய தீயில் மலையேற்றத்துக்கு வந்தவர்கள் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பிற்பகலில் காற்று சரிவின்மேல் ஏறும், தீயும் அதனோடு மனிதனின் ஓட்டத்தைவிட வேகமாக மேலேறும் என்பது அடிவாரத்தில் ஆடு மேய்க்கிற சிறுவனுக்கும் தெரிந்த தரையின் பாடம். அதே ஆண்டு ஆகஸ்டில் மேற்குச் சரிவில் பெய்த பெருமழையில், 26 ஆண்டுகளாகத் திறக்கப்படாத செறுதோணி அணையின் மதகுகள் திறக்கப்பட்டன. ஏலக்காடுகள் சரிந்தும் அழுகியும் போயின. ஒரே மலையில், ஆறு மாதத்துக்குள், ஈரமில்லாத காற்றும் ஈரம் மிகுந்த காற்றும் இரண்டு வகையாகப் பலி கொண்டன. தொலைவைக் கருவி சொல்லிவிடும்; வேளையையும் தரையையும் அந்த இடத்தில் நின்று பழகியவனே சொல்ல வேண்டும்.

மலையாளக் கரையின் மீனவர்கள், உள்ளூரில் காற்றும் மழையும் ஒன்றுமில்லாத நாளில், சித்திரை வைகாசியில், திருடனைப்போல் வந்து வீட்டுக்குள் புகுகிற கடலைக் கள்ளக்கடல் என்று தலைமுறைகளாக அழைத்துவந்தார்கள். அது தென்கோடிச் சமுத்திரத்துப் புயல்களிலிருந்து நாட்கணக்கில் பிரயாணம் செய்து வரும் நெடிய அலைகளின் வேலையென்று விஞ்ஞானிகள் கண்டபோது, அதற்கு வேறு பெயர் தேடாமல் மீனவரின் சொல்லையே ஏற்றுக்கொண்டார்கள். 2012இல் யுனெஸ்கோவும் அப்பெயரை அங்கீகரித்தது. ஹைதராபாத்தில் 1999இல் நிறுவப்பட்ட கடல்சார் தகவல் நிலையம் இன்று கள்ளக்கடல் எச்சரிக்கை என்ற பெயரிலேயே அறிவிப்பு விடுகிறது. படகுத்துறையில் பிறந்த ஒரு சொல் உலகத்தின் அகராதியில் ஏறியதற்குக் காரணம், அதை யாரோ ஒருவர் காதில் வாங்கி எழுதிவைத்ததுதான்.

மெட்டின்மேல் உட்காருகிற மேகத்துக்கும், சாரலின் பலவகைகளுக்கும், காலைக்காற்று திரும்புகிற வேளைக்கும், அழுகல் வருமுன் காடு வீசுகிற வாடைக்கும் போடி அடிவாரத்திலும் ஏலத்தோட்டங்களிலும் வழங்குகிற சொற்கள் இன்னும் முதியவர்களின் வாயிலே இருக்கின்றன. அவர்களோடு அவை போய்விடக் கூடாது. போடியிலும் சுற்றுக் கிராமங்களிலும் உள்ள பள்ளிக்கூடங்கள் வகுப்புக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, தேதி, காற்று, மேகம், அன்று பெரியவர் ஒருவர் சொன்னது, பின்னர் நடந்தது என்று ஐந்து கட்டம் போட்டு, வருகிற ஆனி முதல் தேதியன்று எழுதத் தொடங்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.